தாங்கி நிற்கும் சுரம்

2020-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள், ஜெர்மனியின் ஹால்பர்ஸ்டாட் நகரிலுள்ள பழைமையான ஆலயம் ஒன்றில் மக்கள் கூடியிருந்தனர். கொரோனாக் கொள்ளைநோய்க்கு அஞ்சி உலகெங்கும் மனிதர் ஒருவரையொருவர் விலகியிருந்த காலம் அது. அன்று அங்கே திருவிழா இல்லை, திருப்பலியும் இல்லை. அவ்வாலயத்திலுள்ள சிறியதோர் ஆர்கனிலிருந்து இடைவிடாது எழுந்துகொண்டிருந்த ஒலியோடு மேலும் இரு சுரங்கள் சேரவேண்டிய நாள் அது. குழல்கள் பொருத்தப்பட்டன. ஒலி சற்றே மாறியது. கூடியிருந்தோர் கேட்டனர், பின்பு கலைந்து சென்றனர். அதற்கு முன் அவ்வொலி மாறியது 2013-ஆம் ஆண்டு அக்டோபர் 5-ஆம் நாள். இடைப்பட்ட ஏறத்தாழ ஏழு ஆண்டுகளும், இரவும் பகலும், கேட்பதற்கு ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரே ஒலிக்கூட்டு அந்தக் கற்சுவர்களுக்கிடையே நின்றுகொண்டிருந்தது.

இதைப் படிக்கும்போது நம்மில் சிலருக்குச் சிரிப்பு வரலாம். "இதுவும் ஓர் இசையா? வேலையற்றோர் விளையாட்டன்றோ?" என்று கேட்கத் தோன்றலாம். அக்கேள்வி தவறன்று, நாமும் முதலில் அப்படித்தான் கேட்டோம். ஆனால் ஒரு சுரத்தை நெடுநேரம் தாங்கி நிற்பதும், அதை நெடுநேரம் கேட்டிருப்பதும் நேற்று முளைத்த வழக்கமல்ல என்பதை வரலாறு காட்டுகிறது. அவ்வரலாற்றின் ஒரு பகுதி நம் திருச்சபையின் பாடகர் மேடைகளிலும், மற்றொரு பகுதி நம் நாட்டுத் தம்புராவின் தந்திகளிலும் இருக்கிறது. ஆகவே சிரிப்பைச் சற்றே ஒதுக்கிவைத்து அவ்வரலாற்றைப் பின்தொடர்வோம்.

அறுநூற்று முப்பத்தொன்பது ஆண்டுகள்

ஹால்பர்ஸ்டாட்டில் ஒலிப்பது அமெரிக்க இசையாக்குநர் ஜான் கேஜ் இயற்றிய படைப்பு. 1985-இல் ஒரு பியானோப் போட்டிக்கென எழுதியதை, 1987-இல் அவர் ஆர்கனுக்கென மாற்றியமைத்தார். எட்டுப் பகுதிகள் கொண்ட சிறு படைப்பு அது. இயன்றவரை மெதுவாக இசைக்கவேண்டும் என்பதே அதன் பெயரும் கட்டளையும். எவ்வளவு மெதுவாக என்பதை அவர் வரையறுக்கவில்லை. ஆர்கன் கலைஞர் கெர்ட் ட்ஸாகர் அதை முதன்முதலில் இசைத்தபோது ஏறத்தாழ அரைமணி நேரம் பிடித்தது.

கேஜ் 1992-இல் காலமானார். அதன் பின்னர், 1990-களின் பிற்பகுதியில், ஆர்கன் கலைஞர்களும் இசை அறிஞர்களும் மெய்யியலாரும் இறையியலாரும் கூடி ஒரு கேள்வியை எழுப்பினர். பியானோவில் தட்டிய சுரம் தானே தேய்ந்து மறையும். ஆர்கனிலோ காற்று வரும்வரை சுரம் நிற்கும். அப்படியாயின் ஆர்கனில் 'இயன்றவரை மெதுவாக' என்பதற்கு எல்லை எது? கொள்கையளவில், ஆர்கன் எத்தனை காலம் நிலைக்குமோ அத்தனை காலம். அதைப் பேணும் மக்கள் எத்தனை காலம் இருப்பார்களோ அத்தனை காலம்.

விடையை ஹால்பர்ஸ்டாட்டின் வரலாறே தந்தது. அந்நகரின் பேராலயத்தில் 1361-ஆம் ஆண்டு நிக்கோலாஸ் ஃபாபர் என்பவர் பெரிய ஆர்கன் ஒன்றை அமைத்திருந்தார். பன்னிரு சுரங்களும் அமைந்த விசைப்பலகை கொண்ட மிகப் பழைய ஆர்கன்களுள் ஒன்றாக இசை வரலாற்றில் அது பேசப்படுகிறது. 1361 முதல் 2000 வரை 639 ஆண்டுகள். அந்தப் பழைய ஆர்கனுக்குப் பின்னால் எத்தனை ஆண்டுகளோ, அத்தனை ஆண்டுகள் முன்னோக்கி இப்படைப்பை இசைப்பது என்று முடிவாயிற்று.

இசைப்பதற்குத் தேர்ந்த இடம் பேராலயம் அன்று. புனித புர்க்கார்டு பெயர்கொண்ட சிற்றாலயம். 11-ஆம் நூற்றாண்டில் எழுந்த அக்கட்டடம், பின்னர் பல நூற்றாண்டுகள் சிஸ்டர்சியன் கன்னியர் மடத்தின் ஆலயமாக விளங்கியது. முப்பதாண்டுப் போரில் சிதைந்து, மீண்டும் சீர்பெற்றது. 1810-இல், நெப்போலியனின் தம்பி ஜெரோம் ஆண்ட காலத்தில், மடம் கலைக்கப்பட்டது. அதன்பின் அவ்வாலயம் களஞ்சியமாயிற்று, சாராயம் வடிக்கும் இடமாயிற்று, பன்றிக்கொட்டிலும் ஆயிற்று. கன்னியர் நாள்தோறும் வேளை தவறாது திருப்புகழ்மாலை பாடிய சுவர்கள் இவை என்பதை எண்ணிப்பார்க்கவேண்டும். நகரமும் அமைதியாக வாழ்ந்ததன்று. 1945 ஏப்ரல் 8-இல் நடந்த வான்குண்டுத் தாக்குதலில் அதன் நடுப்பகுதியின் பெரும்பங்கு அழிந்தது. அடுத்து நாற்பதாண்டுகள் பிளவுண்ட நாட்டின் கிழக்குப் பகுதியில் அது கிடந்தது. இத்தகைய ஊரில், இத்தகைய ஆலயத்தில், 639 ஆண்டுகளுக்கு ஒரு வாக்குறுதி தரப்பட்டது.

கேஜ் பிறந்த நாளான செப்டம்பர் 5-இல், 2001-ஆம் ஆண்டு, இசை தொடங்கியது. தொடக்கம் ஓர் இடைநிறுத்தம். ஆகவே முதல் பதினேழு மாதங்கள் துருத்தியின் காற்றோசை மட்டுமே கேட்டது. 2003 பிப்ரவரி 5-இல்தான் முதல் ஒலிக்கூட்டு எழுந்தது. ஒலிக்கும் சுரத்துக்கான மிதியை மனிதர் அழுத்தி நிற்பதில்லை. சிறு மணற்பைகள் அதை அழுத்தியபடி கிடக்கின்றன. காற்றை மின்விசை தருகிறது. முதற்பகுதி மட்டும் 71 ஆண்டுகள் நீளும். முழுப்படைப்பும் 2640-ஆம் ஆண்டு செப்டம்பரில் நிறைவுறவேண்டும். 2022-இலும் 2024-இலும் பிப்ரவரி 5 அன்று மாற்றங்கள் நிகழ்ந்தன. அட்டவணை அடுத்து 2026 ஆகஸ்ட் 5-ஐக் குறிக்கிறது.

தாங்குபவன் என்னும் பெயர்

ஆலயத்தில் நெடுஞ்சுரம் ஒலிப்பது இது முதன்முறையன்று. 12-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாரிஸ் நகரின் நோத்ருதாம் பேராலயம் எழுந்துகொண்டிருந்தது. அங்கே லெயோனென், பெரோத்தென் ஆகிய இருவர் பெயரோடு இணைந்த ஒரு பாடல்முறை வளர்ந்தது. 'ஓர்கானம்' என்பது அதன் பெயர். கிரகோரியன் பாடலின் ஓர் அசையை ஒரு குரல் எடுத்து அப்படியே நிறுத்தும். அந்த நிலைத்த சுரத்தின்மேல் மற்றக் குரல்கள் ஏறியும் இறங்கியும் பின்னியும் பாடும். கீழ்க்குரல் அடுத்த அசைக்கு நகர நெடுநேரமாகும். 1198-ஆம் ஆண்டில் பாரிஸ் ஆயர் பிறப்பித்த ஓர் ஆணை, விழாநாள் வழிபாட்டில் நான்கு குரல் ஓர்கானத்தையும் குறிப்பிடுகிறது. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கான 'விதேருந்த் ஓம்னெஸ்' என்னும் பாடலைப் பெரோத்தென் நான்கு குரலில் அமைத்தார். 'உலகெங்கும் உள்ளோர் கண்டனர்' என்னும் பொருள்கொண்ட அப்பாடலில், 'கண்டனர்' என்ற ஒரு சொல்லைக் கடப்பதற்கே நிமிடங்கள் செல்கின்றன.

அக்கீழ்க்குரலுக்கு அவர்கள் இட்ட பெயர் 'தெனோர்'. தாங்குதல், பிடித்திருத்தல் என்று பொருள்படும் இலத்தீன் வினைச்சொல்லிலிருந்து பிறந்தது அது. இன்று அச்சொல் உச்சத்தில் பாடும் ஆண்குரலைக் குறிக்கிறது. தொடக்கத்திலோ அது பாட்டைத் தாங்கி நிற்கும் குரலின் பெயர். அழகுகள் யாவும் மேற்குரல்களுக்கே உரியவை. தாங்குபவனுக்கு அணியும் இல்லை. திறமையைக் காட்ட இடமும் இல்லை. ஆனால் அவன் தளர்ந்தால் மேலே உள்ள அத்தனையும் சரியும். ஒருவர் மூச்சு வாங்கும் நேரத்தில் அருகிலிருப்பவர் தாங்கினால்தான் அத்தகைய சுரம் அறாமல் நிற்கும்.

ஆர்கனுக்கும் அத்தகைய தாங்குநர் இருந்தனர். 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மிக்கேல் ப்ரேட்டோரியுஸ் என்னும் இசையறிஞர் ஹால்பர்ஸ்டாட்டின் அந்தப் பழைய ஆர்கனை விரித்து எழுதினார். அதன் துருத்திகளின் படத்தையும் தந்தார். இருபது துருத்திகள், அவற்றைக் காலால் மிதித்து இயக்க ஒரு கூட்டம் ஆட்கள். வழிபாட்டுக்கு வந்தோர் கேட்டது இசைஞரின் விரல்களை. அவ்விரல்களுக்குக் காற்றுத் தந்த கால்களை ஆர்கனுக்குப் பின்னே சென்று பார்த்தவர் யார்?

தம்புரா கடல் கடந்த கதை

ஏழரை நூற்றாண்டுகள் கழித்து, அமெரிக்காவில் ஒரு மனிதர் நிலைத்த சுரத்தை மீண்டும் இசையின் நடுவில் வைத்தார். லா மான்ட் யங் என்னும் அவர், 1935-இல் ஐடஹோ மாநிலத்தின் சிற்றூரொன்றில் மோர்மோன் குடும்பத்தில் பிறந்தவர். மரக்கட்டைகளால் ஆன வீட்டின் இடுக்குகளில் புகுந்து ஊளையிட்ட குளிர்காற்றும், மின்மாற்றிகளின் முழக்கமும் தம் குழந்தைப்பருவ இசை என்று அவர் நினைவுகூர்ந்ததுண்டு. 1958-இல் மூன்று தந்திக்கருவிகளுக்கு அவர் எழுதிய படைப்பில், முதல் சில சுரங்கள் வந்துசேரவே நிமிடக்கணக்கில் காத்திருக்கவேண்டும். 1960-இல் எழுதிய ஒரு படைப்பில் இரண்டே சுரங்கள், அவற்றை நெடுநேரம் நிறுத்தவேண்டும் என்ற குறிப்பு, அவ்வளவுதான். இவ்வகை இசையை மேலைநாட்டார் 'ட்ரோன்' என்பர். வண்டின் ரீங்காரத்தைக் குறிக்கும் சொல் அது.

யங்கின் செவியைத் திறந்தவற்றுள் நம் நாட்டு இசையும் ஒன்று. சரோட் மேதை அலி அக்பர் கானின் இசைத்தட்டு ஒன்று 1955-இல் அமெரிக்காவில் வெளிவந்தது. அதில் யங்கைக் கட்டிப்போட்டது பின்னணியில் ஒலித்த தம்புரா. 1970-இல் கிரானா மரபைச் சேர்ந்த பண்டிட் பிரான்நாத் நியூயார்க் சென்றபோது, யங்கும் அவர் மனைவி மரியன் ஸஸீலாவும் அவருக்கு மாணவராயினர். 1996-இல் குரு மறையும்வரை அந்தத் தொடர்பு நீடித்தது. தம்புராவைச் சுருதி சேர்ப்பதும் அதை மீட்டுவதும் அவர்கள் பெற்ற பயிற்சியில் முதலிடம் பெற்றன.

ஜான் கேஜுக்கும் இந்தியத் தொடர்பு உண்டு. 1946-இல் அகமதாபாத்தைச் சேர்ந்த கீதா சாராபாய் நியூயார்க் வந்து அவரிடம் மேலைநாட்டு இசையைக் கற்றார். ஈடாக இந்திய இசையை அவருக்குக் கற்பித்தார். இசையின் நோக்கம் என்ன என்று கேஜ் கேட்டபோது, தம் ஆசிரியர் சொன்னதை அவர் எடுத்துரைத்தார்: மனத்தை அடக்கி அமைதிப்படுத்தி, இறையருள் வந்து தொடுவதற்கு ஏற்றதாக்குவதே இசையின் பணி. அக்கருத்தைக் கேஜ் தம் வாழ்நாள் முழுதும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

தம்புராவின் அருமை நமக்குப் புதிதன்று. ஆயினும் நாம் அதைக் கேட்பதில்லை என்பதே உண்மை. கச்சேரியில் பாடகரைக் கேட்கிறோம். அவருக்குப் பின்னால் அமர்ந்து தம்புரா மீட்டுபவரின் முகம்கூட நம் நினைவில் இருப்பதில்லை. நாகசுர மேளத்தில் 'ஒத்து' ஊதுபவரையும் நினைத்துப் பார்ப்போம். கன்னத்தில் காற்றைத் தேக்கி, ஊதிக்கொண்டே மூக்கால் மூச்சை இழுத்து, ஒரே சுரத்தை அறுபடாமல் அவர் நிறுத்துவார். ராகம் அவருக்கில்லை, பாராட்டும் அவருக்கில்லை. இன்று பல மேளங்களில் அவர் இடத்தில் சுருதிப்பெட்டி வந்துவிட்டது. பாரிஸின் தெனோரும் நம் ஒத்துக்காரரும் ஒரே பணியைச் செய்தவர்கள். யங் செய்த புதுமை, இந்தத் தாங்கும் சுரத்தை முன்னே கொணர்ந்து, அதையே இசையாகக் கேட்கச் சொன்னதுதான்.

அந்தப் புதுமைக்குள் ஒரு துயரக்கதையும் உண்டு. 1960-களில் யங்கும் ஸஸீலாவும் வயலின் கலைஞர் டோனி கான்ராட், வயோலா கலைஞர் ஜான் கேல் ஆகியோரும் ஒரு குழுவாகக் கூடி, நாள்தோறும் மணிக்கணக்கில் சுரங்களை நிறுத்திப் பழகினர். அமெரிக்க மின்கம்பிகளில் எழும் 60 சுழற்சி முழக்கத்தோடு தங்கள் சுருதியை இணைத்தனர். 'நித்திய இசையின் அரங்கம்' என்பது அக்குழுவின் பெயர். ஆனால் குழு பிரிந்தது. அந்த நாள்களின் ஒலிப்பதிவுகள் யாருக்குரியவை என்ற வழக்கு அவர்களைப் பல்லாண்டுகள் பிரித்து வைத்தது. இசையாக்குநர் தாமே என்பது யங்கின் நிலை. அனைவரும் சேர்ந்து ஆக்கியது என்பது கான்ராட், கேல் ஆகியோரின் நிலை. 1990-இல் பஃபலோ நகரில் யங்கின் நிகழ்ச்சி நடந்த இடத்துக்கு வெளியே கான்ராட் பதாகை ஏந்தி நின்றார். 2000-இல், 1965-ஆம் ஆண்டுப் பதிவொன்று யங்கின் ஒப்புதலின்றி வெளியாயிற்று. கான்ராட் 2016-இல் மறைந்தார்.

யார் பக்கம் நீதி என்று தீர்ப்பளிக்க நாம் இதைச் சொல்லவில்லை. நான்கு பேர் ஒன்றாய்த் தாங்கிய சுரத்தில் இது என் பங்கு, இது உன் பங்கு என்று பிரிப்பது எப்படி? கேட்பவரும் நித்தியம் என்ற பெயரைக் கேட்டு மயங்கிவிடக்கூடாது. ஒரு சுரத்தைத் தாங்குவதைக் காட்டிலும், உடன் தாங்குபவரைத் தாங்குவது அரிது. பங்குப் பாடகர் குழுவில் ஓராண்டு இருந்தவருக்கும் இது விளங்கும்.

ஒரு மணி நேரம்

இந்த இசையைப் பற்றிப் படிப்பதால் பயனில்லை. கேட்கவேண்டும் என்று நண்பர்கள் ஐவர் ஓரிரவு கூடினோம். நாம் தேர்ந்தது பிரெஞ்சுப் பெண்மணி எலியான் ரடீக் ஆக்கிய 'மரண முத்தொகுதி'யின் முதற்பகுதி. 1932-இல் பாரிஸில் பிறந்த ரடீக், 1970-களின் தொடக்கத்தில் ஒரு மின்னொலிக் கருவியை வாங்கித் தம் இல்லத்திலேயே வைத்து, தன்னந்தனியாய், ஒலிகள் மிக மெல்ல மாறும் நெடும்படைப்புகளை ஆக்கினார். இளமையில் நீஸ் விமான நிலையத்தருகே வாழ்ந்தபோது, வானூர்திகளின் முழக்கத்தை வெறுக்காமல் கேட்கப் பழகியவர் அவர். பின்னர்த் திபெத்திய பௌத்தத்தைத் தழுவினார். 1988-க்கும் 1993-க்கும் இடையே உருவான முத்தொகுதி ஏறத்தாழ மூன்று மணி நேரம் நீள்வது. அதை அவர் ஆக்கிவந்த காலத்தில் அவர் மகன் விபத்தொன்றில் இறந்தார். அவருடைய ஆன்மீக ஆசானும் மறைந்தார். ஒரு தாய் தன் இழப்பின் ஊடே விடாமல் செய்த வேலை அது.

முதற்பகுதி ஒரு மணி நேரம். விளக்கை அணைத்துவிட்டு அமர்ந்தோம். முதல் பத்து நிமிடங்கள் எரிச்சலே மிஞ்சியது. எப்போது தொடங்கும் என்று காத்திருந்தோம். தொடங்கிவிட்டது என்பதை மனம் ஏற்கவில்லை. கால்மணி நேரத்தில் நம்முள் ஒருவர் எழுந்து வெளியே சென்றார். மற்றொருவர் உறங்கிப்போனார். நாளைய வேலை, கொடுக்கவேண்டிய கடன், யாரோ சொன்ன சுடுசொல் எல்லாம் வரிசையாய் வந்தன. செபமாலை சொல்லும்போது வரும் பராக்குகளும் இவையே என்பது நினைவுக்கு வந்தது.

அரைமணி நேரம் கடந்தபின் ஒன்று நிகழ்ந்தது. ஒரே ஒலி என்று எண்ணியது ஒன்றன்று என்று செவி கண்டுகொண்டது. எந்தச் சுரத்துக்குள்ளும் அதன் மடங்குகளான மேற்சுரங்கள் அடங்கியிருக்கும். தம்புராவின் குதிரையில் செருகும் பருத்தி நூல் எழுப்பிவிடுவது அவற்றைத்தான். நெருங்கிய இரு சுரங்கள் ஒருங்கே ஒலித்தால் அலைபோன்ற ஒரு துடிப்பு எழும். விரைந்து ஓடும் பாடலில் இவற்றைக் கேட்கச் செவிக்கு நேரமில்லை. ஒலி நின்றால்தான் செவி உள்ளே நுழைகிறது. தலையைச் சற்றுத் திருப்பினால் ஒலியே வேறாயிற்று. சுவர்களில் பட்டுத் திரும்பும் அலைகள் அறையின் ஓரிடத்தில் கூடி வலுக்கின்றன. மற்றோரிடத்தில் ஒன்றையொன்று அழிக்கின்றன. 1993-இல் நியூயார்க்கில் யங்கும் ஸஸீலாவும் திறந்த 'கனவு இல்ல'த்தில், மாறாத ஒலி நிறைந்த அறைக்குள் நடப்பவர் ஒவ்வோர் அடியிலும் வேறு இசை கேட்பது இதனால்தான். நாம் சலிப்பென்று கருதியது, ஒலியின் வறுமையன்று. நம் செவியின் அவசரம்.

ஒலி அடங்கி விளக்கேற்றியபின் ஒருவரும் பேசவில்லை. பின்பு நம்முள் மூத்தவர் மெல்லச் சொன்னார்: "எங்கள் அம்மாவின் கடைசி மூன்று வாரங்கள் நினைவுக்கு வந்தன. இரவெல்லாம் அருகில் உட்கார்ந்திருப்பேன். மூச்சுச் சத்தம் ஒன்றுதான் கேட்கும். எதுவுமே செய்யவில்லையே, வெறுமனே உட்கார்ந்திருந்தேனே என்று இத்தனை ஆண்டுகளாக எனக்குள் ஒரு குறை இருந்தது. இன்றைக்கு அந்தக் குறை இல்லை." அதற்குமேல் அவர் விளக்கவில்லை, நாமும் கேட்கவில்லை. வெளியே சென்றவர் திண்ணையில் அமர்ந்து தெருவின் ஒலிகளைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவரும் அந்த ஒரு மணி நேரத்தை வீணென்று சொல்லவில்லை.

ஐயங்கள்

எனினும் நம் ஐயங்களை மறைப்பது நேர்மையாகாது. இவ்விசையாளர் யாரும் நம் விசுவாசத்தைப் பாடவில்லை. கேஜை ஈர்த்தது ஜென் பௌத்தம். ரடீக்கை நடத்தியது திபெத்திய பௌத்தம். அவர்களுக்கு நம் பெயரைச் சூட்டி உரிமை கொண்டாடுவது முறையன்று. மேலும், நோத்ருதாமில் தெனோர் தாங்கியது வெறும் ஒலியை அன்று. ஒரு சொல்லின் அசையை. பாடல் எத்துணை நீண்டாலும் அச்சொல் முடியும், அடுத்த சொல் வரும், வாக்கியம் நிறைவுறும். சொல்லற்ற ஒலியில் நெடுநேரம் ஆழ்ந்திருப்பவர், தம்மையே கேட்டுக்கொண்டு அதை இறைவன் குரலென்று மயங்கவும் கூடும். அமைதி நல்லது, ஆனால் அமைதியிலிருந்து எழுந்து அடுத்திருப்பவரிடம் செல்லாவிட்டால் அது வெறும் சுகம்.

ஹால்பர்ஸ்டாட்டைப் பற்றியும் ஒரு கேள்வி எழுகிறது. அங்கே சுரத்தைத் தாங்குவது மனிதரல்லவே, மணற்பைகளல்லவா? தெனோரின் களைப்பும் ஒத்துக்காரரின் மூச்சும் அதில் எங்கே? மின்சாரம் ஊதும் காற்றுக்கு விசுவாசம் என்ற சொல் பொருந்துமா?

இக்கேள்வியோடு நெடுநாள் இருந்தோம். இப்போது நமக்குத் தோன்றுவது இது: மணற்பை மிதியை அழுத்தலாம், ஆனால் மணற்பையை வைத்தவர் ஒருவர். அதைக் குறித்த நாளில் எடுக்கவேண்டியவர் இன்னொருவர். அவர் இன்னும் பிறக்காதவராகவும் இருக்கலாம். மின்சாரம் நின்றுவிடாமல் பார்ப்பவர், குழலில் படியும் தூசியைத் துடைப்பவர், கூரை ஒழுகாமல் காப்பவர், செலவுக்குப் பொருள் திரட்டுபவர் எல்லோரும் அங்கே வேண்டும். ஓராண்டின் ஒலிக்கெனப் பொருளுதவி செய்தவரின் பெயர்ப்பலகை அந்த ஆண்டெண்ணோடு ஆலயத்தின் உட்புறத்தில் பொருத்தப்படுகிறது. தாங்கள் கண்ணால் காணவியலாத ஆண்டுகளை ஏற்றுக்கொண்டவர்கள் அவர்களுள் உண்டு. 2640-ஆம் ஆண்டின் கடைசிச் சுரத்தை இன்று வாழும் எவரும் கேட்கப்போவதில்லை. அவர்களுடைய பேரப்பிள்ளைகளும் கேட்கப்போவதில்லை.

இது வீண்செயலாய் முடியலாம். இடைப்பட்ட தலைமுறைகளுள் ஒரு தலைமுறை அலட்சியம் செய்தால் போதும். ஒரு போர் போதும். 1945 ஏப்ரலைப் போன்ற ஒரு நாள் போதும். தொடங்கியோர் இதை அறியாதவரல்லர். 639 என்ற எண்ணைத் தந்த பழைய ஆர்கனே இன்று இல்லை. ஆனால் அதன் துருத்தியை மிதித்தவர்களும் நாளை என்ன நேரும் என்று அறிந்தா மிதித்தார்கள்? தங்கள் முறை வந்தபோது மிதித்தார்கள். முறை முடிந்ததும் அடுத்தவருக்கு இடம்விட்டு இறங்கினார்கள்.

நம் பங்கிலும் இத்தகையோர் இருக்கிறார்கள். குருவானவர் வராத வாரங்களிலும் சிற்றூர்க் கோவிலைத் திறந்து மணியடித்துச் செபம் சொல்லும் உபதேசியார், பாடற்குழுவில் நாற்பதாண்டுகள் ஆர்மோனியத்துக்குச் சுருதி கொடுத்துக்கொண்டு ஒருநாளும் தனித்துப் பாடாதவர், படுக்கையிலிருக்கும் மாமியாரைப் பல ஆண்டுகளாய்ப் பேணும் மருமகள் ஆகியோரின் பெயர் விழா மலர்களில் இடம்பெறுவது அரிது. அவர்கள் நின்றால்தான் அவர்கள் இருந்ததே நமக்குத் தெரியும். சுருதியும் அப்படித்தான், அது ஒலிக்கும்வரை செவி அதை மறந்திருக்கும், சட்டென்று நின்றால் அறையே வெறிச்சோடும்.

ஆகவே ஹால்பர்ஸ்டாட்டுக்குச் செல்லவேண்டும் என்றோ, அயல்நாட்டு இசைத்தட்டுகளைத் தேடவேண்டும் என்றோ நாம் சொல்லவில்லை. அடுத்த முறை ஒரு மேளத்தையோ கச்சேரியையோ கேட்க நேர்ந்தால், ராகத்தைச் சற்றே விட்டுவிட்டு, அதன் அடியில் நிற்கும் சுரத்தை ஐந்து நிமிடம் கேட்டுப் பார்ப்போம். அதைத் தாங்குபவர் அங்கே இருந்தால், நிகழ்ச்சி முடிந்ததும் அருகே சென்று அவர் பெயரைக் கேட்போம்.